பன்னிரண்டு ஓடுகள்

பண்டசோழநல்லூர்
3 பிப்ரவரி 2025

சீலா,

போன் செய்யாதே. நேற்று மட்டும் பதினேழு முறை அடித்திருக்கிறாய். நான் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. போனில் நீ பேசினால் நான் ஒத்துக்கொண்டுவிடுவேன். கல்யாணமான ஆறு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. நீ பேசி முடித்து, நான் பாத்திரம் கழுவும்போதுதான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்கு வரும். அதனால் கடிதம் எழுது. எழுதும்போது நாம் இரண்டு பேரும் ஒரே வேகம்.

சார்லஸ் சாரின் சினிமா கம்பெனியிலிருந்து கூரியரில் தாள் வந்தது. 'ஓடு சின்னி' கார்ட்டூன் படத்தைத் தியேட்டரில் வெளியிட நம் இருவரின் சம்மதம் வேண்டுமாம். படத்துக்கு மூலமான நம் செல்போன் கேம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதே, அதற்காக. உன் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. என் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் போடமாட்டேன். ஓடிடியில் போடுவதென்றால் சொல், இன்றைக்கே போட்டு அனுப்புகிறேன். தியேட்டருக்கு முடியாது, அங்கே ஊரே சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்.

காரணம் உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி பேசுவாய் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வில்லியனூர் மாடி அறையில் நாம் கேம் செய்தபோது நான் வரைந்தேன், நீ கோட் எழுதினாய். முதல் கட்டத்தில் சின்னியை ஒரு கொட்டகையில் பூட்டிவிடுவார்கள், அவள் கூரையைப் பிரித்துக்கொண்டு ஓடுவாள். 'ஓடு' என்று பெயர் வைத்ததும் நான்தான். ஓடிப்போகிற ஓடு, கூரைமேல் இருக்கிற ஓடு. அது அம்மாவுக்கு நடந்தது. பதிமூன்று வயதில் கூலிக்குப் போன இடத்தில் ஒரு கரும்பை ஒடித்துத் தின்றதற்காக, மேஸ்திரி இருசப்பன் அவளை மோட்டார் கொட்டகையில் போட்டு மத்தியானத்திலிருந்து பூட்டி வைத்தான். தாத்தா யாரிடமும் சொல்லவில்லை. கரும்புத் திருடி என்று பெயர் வந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதோடு, வயதுக்கு வரப்போகிற பெண் அரைநாள் மோட்டார் கொட்டகையில் இருந்தாள் என்றால் ஊர் வேறு என்னவெல்லாம் கேட்கும்? என் அப்பா சாகும்வரை அவருக்கே தெரியாது. அம்மா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். நான் உன்னிடம் மட்டும் சொன்னேன்.

உள்ளங்கை அளவு திரையில் அது ஒரு சின்னப் பெட்டி, ஒரு சின்னப் பெண். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை சார்லஸ் சார் போட்டுக் காட்டிய படத்தில் கரும்புத் தோட்டம் இருக்கிறது. நீலக் கதவு போட்ட மோட்டார் கொட்டகை இருக்கிறது. பச்சைத் துண்டு கட்டிய மேஸ்திரி 'கரும்புத் திருடி' என்று கத்துகிறான். போஸ்டரில், 'பண்டசோழநல்லூரில் நடந்த உண்மைச் சம்பவம்.'

அவருக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை.

அம்மாவிடம், உனக்கு வேலை அதிகம், நான் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

விஜயராணி


சென்னை
8 பிப்ரவரி 2025

ராணி,

விஜயராணி என்று முழுப்பெயர் போட்டு எழுதியிருக்கிறாய். கல்லூரி அட்டென்டன்ஸில் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். நான்தான் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. படமாக எடுக்கலாமா வேண்டாமா என்று சார்லஸ் சார் ஆறு பேரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். 'கேம் நல்லாத்தான் இருக்கு, ஆனா உள்ள உயிர் இல்லையே'ன்னு ஒருத்தர் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. உயிர் இல்லையா, கேளுங்க சார் என்று ஆரம்பித்துவிட்டேன். சொல்லி முடித்தபோது அறையில் யாரும் டீயைக்கூட எடுக்கவில்லை. நமக்கு இவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்று அப்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இறங்கி வண்டியை எடுக்கும்போதுதான் உன் முகம் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது.

போஸ்டரில் ஊர்ப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்துவிடுவார்கள். ஆனால் தியேட்டர் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே, ராணி. நம் கேமை ஒன்பது லட்சம் பேர் விளையாடினார்கள். எங்கே? பஸ்ஸில், கக்கூசில், பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில். சோரியாங்குப்பத்தில் கோயில் விட்டு வரும்போது யாராவது என் அப்பாவிடம் 'பையன் இன்னா பண்றான்'னு கேட்டால், 'செல்போன் வேலை'ங்கிறார். ஊரே நான் ரீசார்ஜ் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஓடிடியில் போட்டால் நூறு படத்துக்கு நடுவே ஒரு கட்டமாக இருக்கும். யாராவது சோறு தின்றுகொண்டே பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள்.

நீ வரைந்த சின்னி கறுப்பு. எண்ணெய் காணாத தலை. நம் தெருவில் இருக்கிற மாதிரி ஒரு பெண். அவளை முப்பது அடி உயரத்தில் எல்லோரும் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். இதுதான் என் ஆசை. மே ஒன்றாம் தேதி, கோடை விடுமுறை, இருநூற்று நாற்பது தியேட்டர் என்று விநியோகஸ்தர் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

வரையும்போது நீ கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ முனகுவாயே, பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு வரி கோட் வரவில்லை. ஹெட்போன் போட்டுப் பார்த்தேன். பிரயோசனம் இல்லை.

சீலன்


பண்டசோழநல்லூர்
14 பிப்ரவரி 2025

சீலா,

இன்று என்ன தேதி என்று தெரியும். அதற்காக எழுதவில்லை. இன்றுதான் நேரம் கிடைத்தது.

ஊர்ப் பெயரை எடுத்தால் போதும் என்கிறாய். பச்சைத் துண்டை என்ன செய்வாய்? அதன் முடிச்சு வலது காதுக்கு மேல் இருக்கும் என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். நீ அதையும் சொல்லியிருக்கிறாய். நெட்டப்பாக்கம் பக்கம் ஐம்பது தாண்டிய யார் பார்த்தாலும் 'இது இருசப்பன்' என்பார்கள். அப்புறம், 'உள்ளே இருந்த பெண் யார்?' என்பார்கள். இருசப்பன் செத்துப் பல வருஷமாகிறது. அவன் மருமகள் தையலம்மாள் இருக்கிறாள். அம்மாவும் அவளும் ஒரே குழுவில் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். ஒரே மரத்தடியில் சோறு. நாளைக்கு அந்த மரத்தடியில் அம்மா எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாள்?

நீ நெஞ்சு நிமிர்ந்ததாக எழுதியிருந்தாய். அதை நாலு தடவை படித்தேன். எனக்குக் கோபம் வரவேண்டும், வந்தது. பிறகு ஒன்று தோன்றியது. கொட்டகையை வரைந்தது நான். அம்மாவைக் கேட்காமல் வரைந்தேன். சின்னத் திரை, யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ செய்தது பெரிய தப்பு. என்னுடையது உள்ளங்கை அளவு. இரண்டும் ஒன்றுதான்.

அம்மா தினமும் கேட்கிறாள். "இன்னாடி, மாப்ள ஒரு போனு கூட பண்ணல? சண்டையா?" இல்லை என்கிறேன். மீன்காரர் வரும்போதெல்லாம் சங்கரா வாங்கிவிடுகிறாள், நீ திடீரென்று வந்து நின்றால் வேண்டும் என்று. நான்தான் தின்கிறேன். முள் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் மெதுவாகத் தின்கிறேன்.

ராணி


சென்னை
20 பிப்ரவரி 2025

ராணி,

இன்று சார்லஸ் சாரைப் பார்த்துத் தியேட்டர் வேண்டாம், ஓடிடிக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கத்தினார். கத்திவிட்டு, "உன் பொண்டாட்டி சொன்னா சரி, உனக்கு இன்னாடா ஆச்சி?" என்றார். கடலூர்க்காரர், கோபம் வந்தால் நம் பேச்சு வந்துவிடும் அவருக்கு.

ஓடிடி தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போடவேண்டாம் என்று சொல்லி வாங்கினேன்.

உனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதே. அத்தையின் கதையைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை என்னுடையது இல்லை, யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பது அடி, இருநூற்று நாற்பது தியேட்டர் என்றெல்லாம் எழுதினேன். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. கேம் வெளிவந்த அன்று நாம் எப்படிக் கொண்டாடினோம்? நீ ஒரு மூலையில் உன் போனில் பார்த்தாய், நான் ஒரு மூலையில் என் போனில் கமென்ட் படித்தேன். இந்த முறை உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே திரையை, ஒரே நேரத்தில் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

சீலன்


பண்டசோழநல்லூர்
27 பிப்ரவரி 2025

சீலா,

ஓடிடி தாளில் கையெழுத்துப் போட்டேன். அனுப்பவில்லை. ஏன் என்று பொறுமையாகப் படி.

சனிக்கிழமை எதிர்வீட்டு மஞ்சுளா, காலேஜில் படிக்கிறாளே, அவள் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, உங்க படத்து டீசர் வந்துட்ச்சி!" நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வருவதற்குள் போன் அம்மா கையில் இருந்தது. விநியோகஸ்தர் முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார் போலிருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை.

நாற்பது விநாடி. அம்மா நாலு தடவை பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். ஞாயிறு முழுவதும் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை வேலை விட்டு வந்து, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பையன் யாருடி?"

"எந்தப் பையன்மா?"

"உண்டிவில்லு வெச்சிக்கினு வரானே. பூட்ட ஒடச்சி, கதவ தொறந்து வுடறானே. அவன்."

"படத்துக்காகப் போட்டிருக்காங்கம்மா. ஹீரோ."

"என்னெ எவனும் தொறந்து வுடல."

"தெரியும்மா."

"இன்னா தெரியும் உனக்கு? ஓட்ட பிரிச்சிக்கினு வந்தன்னு சொன்னன். எப்பிடி பிரிச்சன்னு நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை, சீலா. அன்று அம்மா சொன்னதை அழுதுகொண்டே கேட்டேன், எப்படி என்று விசாரிக்கத் தோன்றவில்லை. இப்போது அம்மாவே சொன்னாள், ஈரக் காலோடு நின்றுகொண்டே.

"மோட்டாரு ஓடிக்கினு கெடக்குது. கத்தனா யாருக்கு கேக்கும்? கத்தி கத்தி தொண்ட போயி குந்திட்டன். நாலு மணி வாக்குல கரண்டு போச்சி. மோட்டாரு நின்னுச்சி பாரு, அப்பதான் அதும்மேல ஏற முடியும்னு தோணுச்சி. சூடு. ரெண்டு காலும் கொப்புளம். மேல ஓடு தாங்கற ரீப்பரு கட்ட ஒண்ணு செல்லு அரிச்சி கெடந்துது, அத புடுங்கனன். அப்பறம் ஓடு. ஒவ்வொண்ணா தூக்கி பக்கத்து ஓட்டு மேல வெச்சன். பன்னெண்டு. ஒண்ணு கூட ஒடயல, தெரியுமா? ஒடஞ்சிருந்தா எங்கப்பன் கூலில இல்ல புடிப்பான்!"

இத்தனை வருஷமும் அதை ஒரு கெட்ட கனவு மாதிரி மடித்து வைத்திருந்தேன். அம்மா சொன்னபோது அவள் குரல், ஒரு வேலையைச் சுத்தமாக முடித்தவள் குரலாக இருந்தது. நாம் சண்டை போட்டது ஒரு தப்பான கதைக்காக.

"தியேட்டர்ல போடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"மொதல்ல அவன எடுத்துடச் சொல்லு."

"ஊர்ல தெரிஞ்சிடும்."

அம்மா குழாயை மூடினாள். பிறகு, "பூட்டனது ஊரா? ஊர் பேரு வேணாம். என் பேரும் வேணாம். படத்த போடட்டும். நான் பாக்க வரமாட்டன், என்னால ஆவாது. நீங்க பாருங்க," என்றாள்.

பையனை எடுத்துவிட்டு ஓடுகளை வைத்தால் தியேட்டர் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் காட்சியை நானே வரைகிறேன்.

ராணி


சென்னை
6 மார்ச் 2025

ராணி,

உன் கடிதத்தை எடுத்துப்போய் சார்லஸ் சார் மேஜைமேல் வைத்தேன். அத்தை சொன்ன பக்கத்தை மட்டும்தான் காட்டினேன். மற்றது என்னுடையது.

முதலில், "கார்ட்டூன் படத்துல வரலாறு கேக்கறியே" என்றார். அந்தப் பையனுக்குக் குரல் கொடுத்திருப்பது பெரிய வீட்டுப் பிள்ளை. அவனை நம்பித்தான் விநியோகஸ்தரே வந்தார். அப்புறம் சார் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். "ஒண்ணுகூட உடையலையா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "நானா இருந்தா ஒரு ஓடாவது விழுந்து உடையற மாதிரி சவுண்டு போட்டிருப்பேன். நமக்குத் தெரிஞ்ச சினிமா அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

மறுநாள் விநியோகஸ்தரைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் இருந்தேன். விநியோகஸ்தர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு பொண்ணு மூணு நிமிஷம் ஓடு எடுக்கறதை யார் சார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பாங்க? பையன் இருந்தா தியேட்டர். இல்லைன்னா ஓடிடிக்குக் குடுத்துடுங்க. இது தியேட்டர் தாங்கற படம் இல்ல."

ஆக, இரண்டு வழி இருக்கிறது. பையனோடு மே ஒன்று, இருநூற்று நாற்பது தியேட்டர். பையன் இல்லாமல் என்றால் அவர் விலகிவிடுவார். சார்லஸ் சார் தானே அலைந்து ஆகஸ்டில் பத்துப் பதினோரு தியேட்டர் பிடிக்க முடியும் என்கிறார். அதற்குமேல் அவரால் முடியாது.

எனக்கு என்ன பிடிக்கும் என்று நான் எழுதமாட்டேன். இந்த முறை அத்தையைக் கேட்டு எழுது. நானே வந்து கேட்டிருப்பேன். இங்கே வில்லியனூர் பஸ் நிற்கிற இடம்வரை போய் நின்றேன். நீ வா என்று எழுதவில்லை. திரும்பிவிட்டேன்.

சீலன்


பண்டசோழநல்லூர்
13 மார்ச் 2025

சீலா,

கேட்டேன். "பதினோரு தியேட்டருன்னா அதுல நம்ம வில்லியனூரு வருமா?" என்றாள். வரும் என்று நானே சொல்லிவிட்டேன். "அப்ப போதும்," என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். சார்லஸ் சாரிடம் சொல், மற்ற பத்து எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.

தியேட்டர் தாள் கையெழுத்தோடு இருக்கிறது. கூடவே முதல் பதினான்கு சித்திரம். அம்மாவைப் பரண்மேல் ஏற்றி இறக்கி, கையைத் தூக்கச் சொல்லி வரைந்தேன். "எத்தினி தபாடி தூக்குவன்?" என்று திட்டுகிறாள், ஆனால் கூப்பிட்டால் வேலையைப் போட்டுவிட்டு வருகிறாள். ஓட்டை வெளிப்பக்கம் தள்ளவில்லையாம். முதலில் தலையால் முட்டி லேசாக்கி, பிறகு இரண்டு கையால் தூக்கி, ஓரத்தைப் பிடித்துத் திருப்பி வைத்தாளாம். கீழே உன் ஆட்களுக்கு ஒன்று எழுதியிருக்கிறேன், படித்துக் காட்டு: சின்னி அவசரப்படக் கூடாது.

பஸ் நிற்கிற இடம்வரை போனதை எழுதியிருந்தாய். அன்றைக்கு முழுக்க ஒரு கோடு நேராக வரவில்லை எனக்கு.

ஆனாலும் வராதே. நீ வந்தால் நாம் பேசிக்கொண்டே இருப்போம். நீ சொல்வாய், நான் தலையாட்டுவேன். இந்த மூன்று நிமிஷத்தை மட்டும் நான் தனியாக முடிக்க வேண்டும். கோபம் தீர்ந்ததா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன். அது கோபமாக இருக்க முடியாது.

ராணி


சென்னை
19 ஜூன் 2025

ராணி,

வேலை விஷயம் முதலில். எழுபத்திரண்டு சித்திரங்களும் வந்து சேர்ந்தன. இங்கே அனிமேஷன் செய்கிற பிள்ளைகள் அசைத்துக் காட்டினார்கள். மோட்டார் நிற்கிற இடத்தில் இசையையும் நிறுத்திவிட்டோம். முழு மௌனம். சார்லஸ் சார் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

இனி வேலை இல்லாத விஷயம். நாற்பத்தோராவது சித்திரத்தில் சின்னியின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. பழைய சின்னிக்கு அது கிடையாது. அத்தைக்கும் கிடையாது. வில்லியனூர் மாடிப்படியில் நீ வழுக்கி விழுந்து, நான் மருந்து போட்ட தழும்பு அது. தெரிந்துதான் போட்டாயா, கை தானாகப் போட்டதா? அசைக்கிற பையன் 'இது கறையா சார், எடுத்துடவா' என்றான். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன்.

டைட்டிலில் 'கதை: ஜெயசீலன்' என்று இருந்ததை எடுக்கச் சொல்லிவிட்டேன். 'கதையும் சித்திரமும்: விஜயராணி' என்று வரும். முழுப்பெயர்.

தேதி முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. பதினோரு தியேட்டர். வில்லியனூரில் தினமும் ஒரே காட்சி, காலை பத்தே முக்கால். ஒரு வாரம்தான் தருவார்களாம்.

நான் சென்னையில் ஒரு தியேட்டரில் பார்த்துக்கொள்கிறேன். நீ கூப்பிடாமல் வில்லியனூருக்கு வருவது சரியில்லை. கூப்பிடு என்று கேட்பதும் சரியில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதி எழுதி நாலு தாள் கிழித்துவிட்டேன்.

சீலன்


பண்டசோழநல்லூர்
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

சீலா,

வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். பத்தொன்பது பேர். அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்து தூங்கினார்கள். விநியோகஸ்தர் சொன்னது சரிதானோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். உன்னிடம் அதைச் சொல்லக் கூடாது என்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை நடந்ததை எழுதவே இந்தக் கடிதம்.

மஞ்சுளா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், ராணி அக்கா வரைந்த படம் என்று. வேலைக் குழுப் பெண்கள் பதினோரு பேர் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பேசிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். அம்மா வரமாட்டேன் என்றாள். "உன் பொண்ணு படத்த நாங்க பாக்கறதாம், நீ வூட்ல குந்தியிருக்கறதாம்" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். தையலம்மாளும் அதில் இருந்தாள். அம்மா வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்து வந்தாள். நான் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்வரிசை முழுக்க இருந்தார்கள். பச்சைத் துண்டு வந்தது. கதவு மூடியது. மோட்டார் இரைச்சல் தியேட்டர் பூராவும், சின்னி கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் மோட்டார் நின்றது. நீங்கள் எல்லாச் சத்தத்தையும் நிறுத்தியிருந்தீர்களே, பின்னால் ஒரு அம்மாள் "அய்ய, கரண்டு போச்சி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னி மோட்டார்மேல் கால் வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் ஓடு. இரண்டாவது. அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆறாவது ஓட்டில் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. "ஆறு." அம்மாதான். அவளுக்கே தெரியாமல் வாய்விட்டு எண்ணுகிறாள். "ஏழு." முன்னால் இருந்த ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது. அடுத்ததை அதுவும் சேர்ந்து எண்ணியது. "எட்டு." அப்புறம் வரிசை முழுக்க. "ஒம்போது! பத்து!" பதினோராவது ஓடு சின்னி கையில் வழுக்கியது. நான்தான் அப்படி வரைந்தேன், இருந்தும் அதைப் பிடிக்க நானே கையை நீட்டிவிட்டேன். அவள் அதைப் பிடித்து, திருப்பி, வைத்தாள். "பன்னெண்டு!" என்று தியேட்டரே கத்தியது, சீலா. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை.

போனில் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. பிப்ரவரியில் நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

திரும்பும்போது வண்டியில் இருந்த எல்லோருக்கும் சின்னி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் யார் கேட்பது? கடைசியில் கேட்டது தையலம்மாள்.

"பவுனு. அது நீதான?"

அம்மா அவளை நேராகப் பார்த்தாள். "ஆமா."

"எங்க மாமனாரு அப்பிடித்தான் துண்டு கட்டுவாரு. முடிச்சி காதுமேல." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னையும் பூட்டனாரு. கண்ணாலம் ஆன புதுசுல. அதே கொட்டாயில. ரெண்டு தபா."

வண்டி குலுங்கிக்கொண்டே போனது.

"எப்பிடி வெளிய வந்த?" என்று அம்மா கேட்டாள்.

"அவுரே வந்து தொறக்கற வரிக்கும் குந்தினு இருந்தன். மேல ஓடு இருக்குன்னு எனக்குத் தோணல, பவுனு."

அம்மா ஓரத்திலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் போய், தையலம்மாள் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் வந்து சேரும்வரை இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது மற்றவர்கள் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: கால் கொப்புளம் ஆற எத்தனை நாள் ஆயிற்று என்று.

இன்று காலை அம்மா கேட்டாள், "மாப்ள பாத்துட்டாரா?" சென்னையில் பார்த்திருப்பார் என்றேன். "தனியாவா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த முறை பாத்திரம் கழுவும்போதும் வரவில்லை.

அந்தத் தழும்பு தெரிந்துதான் போட்டேன்.

நாளைக் காலை இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துவிட வேண்டும், புதன் பிள்ளையார் சதுர்த்தி, தபால் கிடையாது. வெள்ளிக்கிழமை இங்கே வேறு படம் போடுகிறார்கள். வியாழன் பத்தே முக்கால்தான் கடைசிக் காட்சி. இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், நடு வரிசை. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன். விளக்கு அணைப்பதற்கு முன்னால் வந்துவிடு.

ராணி